எலும்புத் திசுவில் புளூரைடைக் கண்டறிதல்: தர்மபுரி மாவட்டம்

புளூரோசிஸ் என்பது, குடிநீர் வழியாகவும் உணவு வழியாகவும் அளவுக்கு மிஞ்சிய புளூரைடு பல ஆண்டுகள் உடலில் சேர்வதால் பற்கள், எலும்புகள், மூட்டுகள் ஆகியவற்றைத் தாக்கும் நோய் ஆகும். தமிழ்நாட்டில் இந்நோயால் நெடுங்காலமாகப் பாதிக்கப்பட்டுவரும் பகுதிகளுள் தர்மபுரி மாவட்டம் குறிப்பிடத்தக்கது. நோயுற்ற திசுவில் படிந்த கனிமப் பொருளை இனங்காண்பது மருத்துவ அறிவியலின் ஒரு பிரிவு. அந்தப் பிரிவில் புளூரோசிஸ் தனி இடம் பெறுகிறது. ஏனெனில் இந்நோயில் கனிமப் பொருள் அயல் துகளாகத் திசுவில் தங்குவதில்லை. எலும்பிலுள்ள நானோ அளவுப் படிகங்களுக்குள் நுழைந்து எலும்பாகவே ஆகிவிடுகிறது. ஆகவே அதைக் கண்டறியும் முறைகளும் வேறாக அமைகின்றன. எப்போது கண்டறிகிறோம் என்பதைப் பொறுத்தே பயனும் அமைகிறது.

திசுவில் கனிமத் துகள்கள்

ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. 1 முதல் 100 நானோமீட்டர் வரை அளவுள்ள துகள்கள் நானோ துகள்கள் எனப்படுகின்றன. இவற்றைச் சாதாரண ஒளி நுண்ணோக்கியால் தனித்தனியே பார்க்க இயலாது. மின்னணு நுண்ணோக்கி தேவைப்படுகிறது. மின்னணுக் கற்றை ஒரு துகளைத் தாக்கும்போது, அதிலுள்ள ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலுடன் எக்ஸ் கதிரை வெளியிடும். அந்த ஆற்றலை அளந்தால் துகள் சிலிக்கனா, இரும்பா, டைட்டானியமா என்று கூறிவிடலாம்.

கல் உடைக்கும் தொழிலாளர்களைத் தாக்கும் சிலிகோசிஸ் நோயில், நுரையீரல் திசுவுக்குள் சிலிக்கா துகள்கள் இருப்பதை இவ்வாறு காண முடியும். 2016-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பார்பரா மாகர் தலைமையிலான குழு, மெக்சிகோ நகரத்திலும் மான்செஸ்டரிலும் வாழ்ந்து இறந்தோரின் மூளைத் திசுவில் மேக்னடைட் என்னும் இரும்பு ஆக்சைடின் நானோ துகள்களைக் கண்டறிந்தது. உருண்டையான அவற்றின் வடிவம், உயர் வெப்பத்தில் எரிதலால் உண்டாகும் துகள்களின் வடிவத்தை ஒத்திருந்ததால், அவை மாசடைந்த காற்றிலிருந்து வந்திருக்கலாம் என்று அக்குழு கருதியது.

இத்தகைய ஆய்வுகளில் ஓர் எச்சரிக்கை எப்போதும் தேவை. திசுவை வெட்டும் கத்தி, பதப்படுத்தும் நீர்மம், ஆய்வகத் தூசி ஆகியவையும் துகள்களைச் சேர்க்கக்கூடும். மேலும், திசுவில் ஒரு துகள் இருக்கிறது என்பதாலேயே அதுதான் நோயை உண்டாக்கியது என்று முடிவு செய்ய முடியாது.

சிலிக்காவும் மேக்னடைட்டும் திசுவுக்கு அயலானவை. அதனால் அவை தனியே தெரிகின்றன. புளூரைடு அப்படித் தெரிவதில்லை. அதற்குக் காரணம் எலும்பின் அமைப்பு.

எலும்பின் நானோ படிகங்கள்

எலும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கனிமப் பொருளாகும். கொல்லாஜன் என்னும் புரத இழைகளின் ஊடே மிக நுண்ணிய தகடுகளாக இக்கனிமம் பதிந்துள்ளது. ஒவ்வொரு தகடும் சில நானோமீட்டர் தடிப்பும், சில பத்து நானோமீட்டர் நீளமும் கொண்டது. கால்சியம், பாஸ்பேட், ஹைட்ராக்சில் ஆகியவற்றால் ஆன இக்கனிமத்திற்கு ஹைட்ராக்சி அபடைட் என்று பெயர். பல்லின் மேற்பூச்சான எனாமலும் இதே வகைக் கனிமத்தால் ஆனது. ஆனால் அதன் படிகங்கள் எலும்பில் உள்ளவற்றைவிடப் பெரியவை.

ஹைட்ராக்சில் அயனியும் புளூரைடு அயனியும் ஏறத்தாழ ஒரே அளவுடையவை. இரண்டும் ஒரே மின்னேற்றம் கொண்டவை. அதனால் குருதியில் வரும் புளூரைடு, படிகத்திலுள்ள ஹைட்ராக்சிலை வெளியேற்றிவிட்டு அதன் இடத்தில் அமர்ந்துகொள்கிறது. இவ்வாறு உருவாகும் புளூர் அபடைட், முந்தைய கனிமத்தைவிட எளிதில் கரையாதது. அதாவது, வந்து சேர்ந்த புளூரைடு எளிதில் வெளியேறாது.

உடலிலுள்ள மொத்தப் புளூரைடில் சுமார் 99 விழுக்காடு எலும்புகளிலும் பற்களிலும்தான் இருக்கிறது. உட்கொள்ளும் புளூரைடின் ஒரு பகுதியைச் சிறுநீரகங்கள் வெளியேற்றுகின்றன. மீதி எலும்பில் தங்குகிறது. வளரும் குழந்தைகளின் உடலில் தங்கும் பங்கு பெரியவர்களின் உடலில் தங்குவதைவிட மிகுதி. சிறுநீரகம் பழுதுபட்டவர்களிடமும் இப்படியே நேர்கிறது.

தர்மபுரியின் பாறையும் நீரும்

தர்மபுரி மாவட்டம் 1965-ஆம் ஆண்டு அன்றைய சேலம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. 2004-ஆம் ஆண்டு இதிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தது. ஆகவே 2004-க்கு முற்பட்ட ஆவணங்களில் தர்மபுரி எனக் குறிப்பிடப்படுவது இன்றைய இரு மாவட்டங்களையும் சேர்த்தே ஆகும்.

இம்மாவட்டத்தின் அடிநிலம் சார்னோகைட், நைஸ், கிரானைட் போன்ற பழமையான கடினப் பாறைகளால் ஆனது. இவ்வகைப் பாறைகளில் உள்ள பயோடைட், ஹார்ன்பிளண்ட், அபடைட், புளூரைட் ஆகிய கனிமங்களில் புளூரின் அடங்கியுள்ளது. கடினப் பாறையில் நீர் தேங்குவது விரிசல்களில்தான். மழை குறைந்த நிலத்தில், அந்த நீர் பல ஆண்டுகள் பாறையுடன் ஒட்டிக் கிடந்து, கனிமங்களைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது.

நீரில் கால்சியம் மிகுந்திருந்தால் புளூரைடு அதனுடன் சேர்ந்து படிந்துவிடும். கால்சியம் குறைந்து சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்த நீரில் அது கரைந்தே நிற்கும். இதனால் ஒரே ஊரில் ஒரு கிணற்று நீர் குடிக்கத் தக்கதாகவும், சிறிது தொலைவிலுள்ள ஆழ்துளைக் கிணற்று நீர் தீங்கானதாகவும் இருக்கக்கூடும். புளூரைடுக்கு நிறமோ மணமோ சுவையோ கிடையாது. தெளிந்து சுவையாக இருக்கும் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று நம்பி மக்கள் குடிப்பது இயல்பு.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் அளவுகோலின்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை புளூரைடு ஏற்கத்தக்கது. வேறு நீர் ஆதாரம் இல்லாத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை அனுமதிக்கப்படுகிறது. உலக நலவாழ்வு அமைப்பின் வழிகாட்டு அளவும் 1.5 மில்லிகிராமே. ஆனால் உடலில் சேரும் அளவை நிர்ணயிப்பது நீரின் செறிவு மட்டுமன்று. வெயிலில் வேலை செய்யும் ஒருவர் நாளொன்றுக்கு 4 லிட்டர் நீர் குடிக்கிறார் என்றும், அந்நீரில் லிட்டருக்கு 3 மில்லிகிராம் புளூரைடு உள்ளது என்றும் கொண்டால், அவர் உடலுக்குள் நாள்தோறும் 12 மில்லிகிராம் செல்கிறது. அதே நீரில் கிண்டும் கேழ்வரகுக் களி, வடிக்கும் சோறு, போடும் தேநீர் ஆகியவற்றின் பங்கு இதில் சேரவில்லை. நாளொன்றுக்கு மொத்தம் 14 மில்லிகிராம் உட்கொள்வோருக்கு எலும்புப் பாதிப்பு உண்டாவதற்கு இந்தியாவிலும் சீனாவிலும் தெளிவான சான்று உள்ளது என்றும், 6 மில்லிகிராமுக்கு மேல் சென்றாலே தீங்கின் வாய்ப்பு கூடுகிறது என்றும் உலக நலவாழ்வு அமைப்பு கூறுகிறது.

நீரைக் கொதிக்க வைப்பதால் கிருமிகள் அழியும். புளூரைடு அழியாது. நீர் ஆவியாகிக் குறைவதால் அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும்.

நோய் அறியப்பட்ட வரலாறு

பற்களில் பழுப்புக் கறை விழுவதற்கான காரணம் 1931-ஆம் ஆண்டு அமெரிக்காவில் தெளிவாயிற்று. ஆர்கன்சாஸ் மாநிலத்தின் பாக்சைட் என்னும் ஊரின் குடிநீரை ஆய்ந்த வேதியியலாளர் எச். வி. சர்ச்சில், அதில் மிகுந்த அளவில் புளூரைடு இருப்பதைக் கண்டார். 1932-இல் டென்மார்க் நாட்டின் கோபன்ஹேகனில், புளூரின் அடங்கிய கிரையோலைட் கனிமத்தைப் பொடியாக்கும் தொழிலாளர்களின் எலும்புகள் அடர்த்தி மிகுந்து காணப்படுவதை மோலர், குட்ஜான்சன் ஆகிய மருத்துவர்கள் எக்ஸ் கதிர்ப் படங்களில் கண்டனர்.

இந்தியாவில் இந்நோய் 1937-இல் அன்றைய சென்னை மாகாணத்தில் விளக்கப்பட்டது. நெல்லூர் மாவட்டத்தின் பொதிலி, தர்சி, கனிகிரி வட்டாரங்களைச் சேர்ந்த நோயாளிகளை, கிண்டி கிங் நோய்த்தடுப்பு மருந்து நிறுவனத்தைச் சேர்ந்த எச். ஈ. ஷார்ட்டும், மக்ராபர்ட், பார்னார்டு, மன்னாடி நாயர் ஆகியோரும் ஆராய்ந்தனர். முதுகும் கழுத்தும் விறைத்து, மூட்டுகள் மடங்க மறுத்த அந்நோயாளிகளின் நிலைக்குக் காரணம் குடிநீரின் புளூரைடே என்று அவர்கள் காட்டினர். கோபன்ஹேகனில் தொழிற்சாலைத் தூசி செய்ததை இங்கே கிணற்று நீர் செய்திருந்தது. இதன் பின்னரே, வாதம் என்றும் முதுமை என்றும் எண்ணப்பட்ட நோய்க்கு நீரைச் சோதித்துப் பார்க்கும் வழக்கம் தோன்றியது.

கண்டறியும் முறைகள்

பல்

புளூரைடைக் காட்டும் முதல் உறுப்பு பல். நிலைப்பற்களின் எனாமல் ஈறுக்குள் உருவாகும் பருவத்தில், அதாவது பிறந்தது முதல் ஏறத்தாழ எட்டு வயது வரை, மிகுதியான புளூரைடு உட்சென்றால்தான் பல்லில் கறை தோன்றும். பல் முளைத்து முடிந்த பின் அதே நீரைக் குடித்தாலும் புதிதாகக் கறை உண்டாகாது. ஆகவே ஒருவருடைய பல் அவர் குழந்தைப் பருவத்தில் குடித்த நீரின் பதிவேடு போன்றது. வேறு ஊரிலிருந்து திருமணமாகி வந்த பெண்ணுக்குப் பல் வெண்மையாக இருந்தும் எலும்பு பாதிக்கப்பட்டிருப்பது இதனால்தான்.

பாதிப்பின் அளவை வகைப்படுத்த, டிரென்ட்லி டீன் 1942-இல் திருத்தி அமைத்த குறியீடு இன்றும் பயன்படுகிறது. இயல்பு நிலை, ஐயத்துக்குரிய நிலை, மிக இலேசு, இலேசு, நடுத்தரம், கடுமை என்று ஆறு படிகள் அதில் உள்ளன. வெற்றிலை, புகையிலைக் கறைக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. புளூரைடுக் கறை எனாமலுக்குள் இருப்பதால் தேய்த்தால் போகாது. பல்லின் குறுக்கே கிடைக்கோடாக அமையும். இடப்புறப் பல்லிலும் வலப்புறப் பல்லிலும் ஒரே இடத்தில் காணப்படும்.

நீரும் சிறுநீரும்

புளூரைடை அளக்க மிகுதியாகப் பயன்படும் கருவி அயனி தேர்வு மின்முனை ஆகும். இதை 1966-ஆம் ஆண்டு பிராண்ட், ராஸ் ஆகியோர் உருவாக்கினர். இதன் முனையில் லாந்தனம் புளூரைடுப் படிகம் ஒன்று பொருத்தப்பட்டுள்ளது. புளூரைடு அயனி மட்டுமே அப்படிகத்தினூடே நகரும். நீர்மத்தில் புளூரைடு பத்து மடங்கு மாறினால் மின்னழுத்தம் சுமார் 59 மில்லிவோல்ட் மாறும். அலுமினியமும் இரும்பும் புளூரைடைப் பிணைத்து மறைத்துவிடும் என்பதால், அதை விடுவிக்கும் தாங்கல் கரைசலைச் சேர்த்த பின்னரே அளக்க வேண்டும்.

நீர் ஊரின் நிலையைச் சொல்லும். சிறுநீர், இப்போது உடலுக்குள் எவ்வளவு புளூரைடு வந்துகொண்டிருக்கிறது என்பதைச் சொல்லும். சோதனைக்கான நீரையும் சிறுநீரையும் நெகிழிக் குப்பியில் எடுக்க வேண்டும். புளூரைடு கண்ணாடியுடன் வினைபுரியக் கூடியது. நல்ல நீருக்கு மாறிய பிறகும் சில காலம் சிறுநீரில் புளூரைடு காணப்படலாம். எலும்பு தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும்போது, பழைய சேமிப்பு சிறிது சிறிதாக வெளிவருவதே அதற்குக் காரணம்.

உடற்சோதனையும் எக்ஸ் கதிர்ப் படமும்

கிராமங்களில் நடத்தும் ஆய்வுகளில் மூன்று எளிய சோதனைகள் செய்யப்படுகின்றன. முழங்காலை மடக்காமல் குனிந்து கால்விரலைத் தொடுதல், தாடையை மார்பில் படும்படித் தாழ்த்துதல், கைகளை விரித்து மடக்கித் தலைக்குப் பின்னால் கொண்டுசெல்லுதல் ஆகியன அவை. இவற்றைச் செய்ய முடியாமல் வலியோ விறைப்போ இருந்தால் மேற்கொண்டு சோதிக்கப்படுகிறது.

எக்ஸ் கதிர்ப் படத்தில் முதுகெலும்பும் இடுப்பெலும்பும் சுண்ணாம்பு பூசியதுபோல் அடர்வெண்மையாகத் தெரியும். தசைநார்கள் சுண்ணமேறி எலும்புபோல் ஆகியிருக்கும். முன்கையின் இரண்டு எலும்புகளுக்கும் இடையிலுள்ள சவ்வு சுண்ணமேறியிருப்பது இந்நோயின் நம்பத்தக்க அடையாளமாகக் கொள்ளப்படுகிறது. முற்றிய நிலையில் முதுகெலும்பின் உட்குழாய் குறுகித் தண்டுவடத்தை நெருக்குவதால் கைகால்கள் செயலிழக்கவும் கூடும்.

எலும்புத் திசு

இடுப்பெலும்பின் மேல்விளிம்பிலிருந்து சிறு துண்டை எடுத்து, எரித்துச் சாம்பலாக்கி, அமிலத்தில் கரைத்து மின்முனையால் அளப்பது நேரடி முறை ஆகும். இயல்பான எலும்புச் சாம்பலில் கிலோகிராமுக்கு 500 முதல் 1,000 மில்லிகிராம் வரை புளூரைடு இருக்கும். 3,500 முதல் 5,500 வரை சென்றால் எலும்பு சற்று அடர்த்தியாகும். நோயாளிக்கு வலி இராது. 6,000 முதல் 7,000 வரை ஆகும்போது அவ்வப்போது மூட்டுவலியும் விறைப்பும் தோன்றும். 8,400-க்கு மேல் முடமாக்கும் நிலை எனப்படுகிறது. வலி தொடங்குவதற்கு முன்பே எலும்பில் இயல்பைவிடப் பல மடங்கு புளூரைடு சேர்ந்துவிடுகிறது என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன.

படிகத்துக்குள் புளூரைடு எங்கே அமர்ந்துள்ளது என்பதைக் காண நுட்பமான முறைகள் வேண்டும். மின்னணு நுண்ணோக்கியில் சிலிக்காவையும் இரும்பையும் எளிதில் காட்டும் எக்ஸ் கதிர் ஆற்றல் பகுப்பாய்வு, புளூரினில் தடுமாறுகிறது. புளூரின் இலேசான தனிமம். அது வெளியிடும் எக்ஸ் கதிரின் ஆற்றல் மிகக் குறைவு. இரும்பின் கதிர் ஒன்றும் அதற்கு மிக அருகில் விழுகிறது. ஆகவே எக்ஸ் கதிரை அலைநீளத்தின்படி பிரித்தறியும் கருவி பயன்படுத்தப்படுகிறது. புரோட்டான் கற்றையால் பல்லைத் தாக்கி, புளூரின் வெளியிடும் காமா கதிரை அளப்பது மற்றொரு முறை. உலோகங்களை மிகத் துல்லியமாக அளக்கும் ஆர்கன் பிளாஸ்மா நிறை நிரல்மானியும் இங்கே உதவுவதில்லை. புளூரினை அயனியாக்கத் தேவையான ஆற்றல் ஆர்கனுக்குத் தேவையானதைவிட அதிகம்.

எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு முறையில் படிகத்தின் அளவையே அளக்கலாம். ஹைட்ராக்சி அபடைட்டின் அலகுக் கூட்டில் 9.42 ஆங்ஸ்ட்ராமாக உள்ள பக்கம், புளூர் அபடைட்டில் 9.37 ஆங்ஸ்ட்ராமாகக் குறைகிறது. இவ்வளவு சிறிய சுருக்கம், எலும்பு முழுவதும் பரவும்போது அதன் இயல்பையே மாற்றுகிறது. புளூரோசிஸ் எலும்பு பார்வைக்குத் தடித்திருந்தாலும் இயல்பான எலும்பைப்போல் உறுதியாக இருப்பதில்லை.

பிற நோய்களிலிருந்து பிரித்தறிதல்

முதுகு விறைப்பு தண்டுவட மூட்டழற்சியிலும் உண்டு. கால் வளைதல் வைட்டமின் டி குறைவால் வரும் ரிக்கெட்ஸ் நோயிலும் உண்டு. முழங்கால்கள் ஒன்றோடொன்று இடிக்கும் வகையில் கால் வளைதலுக்கும் புளூரைடுக்கும் உள்ள தொடர்பை, ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தைச் சேர்ந்த கிருஷ்ணமாச்சாரியும் கிருஷ்ணசாமியும் 1973-இல் எடுத்துரைத்தனர். கால்சியம் குறைந்த உணவு உண்போரிடம் பாதிப்பு கடுமையாகிறது. எனவே ஒரு சோதனையை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், குடிக்கும் நீர், சிறுநீர், எக்ஸ் கதிர்ப் படம், நோயாளி வாழ்ந்த ஊர்கள் ஆகிய அனைத்தையும் சேர்த்துப் பார்ப்பதே முறை.

கண்டறிதலும் தடுப்பும்

எலும்பில் படிந்த புளூரைடை முழுவதுமாக நீக்கும் மருந்து எதுவும் இல்லை. பல்லின் கறையை மேலே மறைக்கலாம். வலியைக் குறைக்கலாம். வளைந்த காலுக்கு அறுவை செய்யலாம். நோயை நிறுத்தும் மருந்து நல்ல நீர் ஒன்றே. ஆற்று நீர் பாறை விரிசல்களில் நெடுங்காலம் தங்குவதில்லை என்பதால் அதில் பொதுவாகப் புளூரைடு குறைவு.

இந்த அடிப்படையில் அமைந்ததே ஒகேனக்கல் குடிநீர் வழங்கல் மற்றும் புளூரோசிஸ் பாதிப்புக் குறைப்புத் திட்டம். காவிரி நீரைத் தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு மாவட்டங்களுக்கும் கொண்டுசெல்லும் இத்திட்டம், சப்பான் பன்னாட்டு ஒத்துழைப்பு முகமையின் கடனுதவியுடன் ₹1,928.80 கோடி மதிப்பீட்டில் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தால் நிறைவேற்றப்பட்டது. 2008-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, கர்நாடகத்தில் எழுந்த எதிர்ப்பையும் கடந்து, 2013-ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கி வைக்கப்பட்டது. நடுவண் அரசின் தேசிய புளூரோசிஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுத் திட்டம் 2008-09-இல் தொடங்கியது. குழாய் நீர் எட்டாத இடங்களில், படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்துப் புளூரைடைப் படியவைக்கும் நல்கொண்டா முறை, ஊக்குவிக்கப்பட்ட அலுமினா வடிகட்டி, எதிர்ச் சவ்வூடு பரவல் ஆகியவை பயன்படும்.

குழாய் வந்துவிட்டதால் மட்டும் நோய் நீங்கிவிடாது. குழாயில் நீர் வராத நாளில் பழைய ஆழ்துளைக் கிணற்று நீரே குடத்தில் ஏறும். குடிப்பதற்கு ஆற்று நீரும் சமைப்பதற்குப் போர்வெல் நீரும் பயன்படுத்தும் வீட்டில் புளூரைடு உணவு வழியாக வந்துகொண்டேயிருக்கும். ஆகவே நீர், சிறுநீர், பள்ளிக் குழந்தைகளின் பற்கள் ஆகியவற்றைத் தொடர்ந்து சோதிப்பது இன்றியமையாதது.

எலும்புத் துண்டையும் மின்னணு நுண்ணோக்கியையும் கொண்டு செய்யும் ஆய்வு, நோய் எவ்வாறு உண்டாகிறது என்பதை விளக்குகிறது. எனினும் எலும்பில் புளூரைடு தெரியும்போது பல ஆண்டுகள் கடந்துவிட்டிருக்கும். அதே புளூரைடை ஒரு குப்பி நீரில் சில நிமிடங்களில் அளந்துவிடலாம். இன்று புதிதாகப் பல் முளைக்கும் குழந்தைகளின் எனாமல் வெண்மையாக இருப்பதே, ஓர் ஊருக்கு நல்ல நீர் உண்மையாகவே வந்து சேர்ந்தது என்பதற்கு முதல் சான்றாகும்.